ஐக்கிய ஜெப வாரம்: உங்கள் ஊரில் முதல் தடவை நடத்துபவர்களுக்கு

ஒவ்வோர் ஆண்டும் ஜனவரி 18 முதல் 25 வரை பல நாடுகளில் கத்தோலிக்கர், சீர்திருத்தச் சபையார், ஆர்த்தடாக்ஸ் சபையார் எல்லாரும் ஒரே கூரையின் கீழ் கூடி, திருச்சபைக்காகவும் நாடுகளுக்காகவும் ஜெபிக்கிறார்கள். கத்தோலிக்கர் கிறிஸ்தவ ஒன்றிப்பு வாரம் என்பார்கள், மற்ற சபைகளில் ஐக்கிய ஜெப வாரம் என்போம். பெரிய நகரங்களில் ஆயரும் பேராயரும் முன்வரிசையில் இருக்க அது தானாக நடந்துவிடும். சின்ன ஊரில் யாராவது நாலு பேர் செருப்பு தேய அலைந்தால்தான் உண்டு. அந்த நாலு பேரில் நீங்களும் ஒருவர் என்றால் மேலே படியுங்கள்.

நெல்லைப் பக்கம் ஓர் ஊரில் இந்த ஒருங்கிணைப்பு வேலையைச் செய்கிறவன் நான். ஜெபிக்க நம் ஊர்க்காரர்களுக்கு யாரும் சொல்லித் தர வேண்டாம். இழுபறி எல்லாம் தேதி, கடிதம், ஆலயச் சாவி, யார் எங்கே நிற்பது, எதைச் சொல்லக் கூடாது என்பதில்தான். நாங்கள் ஆள் ஆளாகப் போய் விசாரித்துத் தெரிந்துகொண்டதை வரிசையாகச் சொல்கிறேன்.

1. முதலில் அந்த ஆண்டின் கையேட்டை எடுங்கள்

சொந்தமாக ஒரு தலைப்பு யோசித்து நேரத்தை வீணாக்காதீர்கள். ஒவ்வோர் ஆண்டும் ஒரு நாட்டின் சபைகள் கூடிக் கருப்பொருளையும் ஜெபங்களையும் எழுதுகின்றன. வத்திக்கானின் கிறிஸ்தவ ஒன்றிப்புத் துறையும் உலகத் திருச்சபைகள் மன்றத்தின் விசுவாச ஒழுங்கு ஆணையமும் சேர்ந்து அதை வெளியிடுகின்றன. 2024-இல் புர்கினா பாசோ எழுதியது: கடவுளிடமும் பிறரிடமும் அன்பு, லூக்கா 10:27. 2025-இல் இத்தாலியின் போசே துறவுக் குழு: "இதை நம்புகிறாயா?", யோவான் 11:26. 2026-க்கு ஆர்மீனிய அப்போஸ்தல சபை: ஒரே உடல், ஒரே ஆவி, எபேசியர் 4:4. நம் நாட்டுக்கும் முறை வந்திருக்கிறது. 2013-இல் இந்திய மாணவர் கிறிஸ்தவ இயக்கம் மீகா 6:6-8-ஐ எடுத்து, தலித் கிறிஸ்தவர்களின் அனுபவத்தை மையமாக வைத்து எழுதியது.

கையேடு இலவசம். இரு அமைப்புகளின் இணையதளங்களிலும் பிடிஎஃப் கிடைக்கும். அதில் தொடக்க நாளுக்கான முழு ஆராதனை ஒழுங்கும், எட்டு நாளுக்கான வசனம், சிந்தனை, ஜெபங்களும் இருக்கும். உள்ளூருக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளலாம் என்று அதிலேயே எழுதியிருக்கிறது, அதனால் பயப்படாமல் வெட்டி ஒட்டுங்கள்.

தமிழாக்கம்தான் நேரம் தின்னும். பக்கத்து மறைமாவட்டப் பணிக்குழுவோ உங்கள் திருமண்டல அலுவலகமோ ஏற்கனவே செய்திருக்கிறதா என்று முதலில் ஒரு போன் போட்டுக் கேளுங்கள். இல்லையென்றால் முழுக் கையேட்டையும் மொழிபெயர்க்க உட்காராதீர்கள். தொடக்க நாள் ஒழுங்கும் நாளுக்கு ஒரு ஜெபமும் போதும். எந்திர மொழிபெயர்ப்பை அப்படியே அச்சுக்கு அனுப்பாதீர்கள். ஆராதனைத் தமிழ் அதற்குப் பிடிபடாது.

2. தேதியைப் பாருங்கள், அப்புறம் கிழமையைப் பாருங்கள்

ஜனவரி 18 என்பது நம் ஊருக்குக் கொஞ்சம் சங்கடமான தேதி. பொங்கல் விடுமுறை அப்போதுதான் முடிந்திருக்கும், வெளியூர் போனவர்கள் பாதிப் பேர் திரும்பியிருக்க மாட்டார்கள். ஜனவரி 20 புனித செபஸ்தியார் திருநாள். உங்கள் ஊர்ப் பங்கிலோ பக்கத்துப் பங்கிலோ அவர் பெயரில் ஆலயம் இருந்தால் அதை ஒட்டிய நாள்களில் பங்குத்தந்தையைப் பிடிக்கவே முடியாது. 25-ஆம் தேதி பவுலின் மனமாற்றத் திருநாள், வாரத்தின் நிறைவு. மறுநாள் குடியரசு தினம் என்பதால் அன்று மாலை காவல்துறைக்குப் பாதுகாப்பு வேலை இருக்கும். பத்தாம் வகுப்பு, பிளஸ் டூ பிள்ளைகளுக்குத் திருப்புதல் தேர்வுகளும் இந்த மாதத்தில்தான்.

கிழமையும் முக்கியம். செவ்வாய் அந்தோனியார் நவநாள், புதன் சகாய மாதா நவநாள், வெள்ளி பெந்தெகொஸ்தே சபைகளில் உபவாச ஜெபம், சனி பாடகர் குழுப் பயிற்சி. எங்கள் ஊரில் எல்லாருக்கும் ஒத்துவந்தவை திங்கள், வியாழன், ஞாயிறு மாலை. உங்கள் ஊரில் வேறாக இருக்கலாம். ஒவ்வொரு சபையின் வாராந்தரக் கூட்டங்களையும் ஒரு தாளில் எழுதிப் பார்த்தால் காலியான கட்டம் தானாகத் தெரியும்.

ஜனவரி ஒத்தே வராது என்றால் கவலைப்பட வேண்டாம். தென்கோளத்து நாடுகள் பல இதைப் பெந்தெகொஸ்தே திருநாளை ஒட்டி வைத்துக்கொள்கின்றன, முறைப்படி அதுவும் சரிதான். ஆனால் அது பெரும்பாலும் மே மாத வெயிலிலும் பள்ளி விடுமுறையிலும் விழும், பல சபைகள் அந்தத் திருநாளுக்கு முந்தின பத்து நாளும் காத்திருப்புக் கூட்டம் வைத்திருப்பார்கள். எனக்கு ஜனவரியே மேல் என்று படுகிறது.

இன்னொரு கெடு. டிசம்பர் பத்துக்கு மேல் எந்தப் போதகரும் உங்களுக்குக் கிடைக்க மாட்டார். கேரல் ரவுண்ட்ஸ், கிறிஸ்துமஸ் ஆராதனை, குடில் போட்டி, டிசம்பர் 31 இரவு ஆராதனை, புத்தாண்டு வாக்குத்தத்த அட்டை என்று ஓட்டமாக ஓடிக்கொண்டிருப்பார்கள். எனவே செப்டம்பரில் கையேடு, அக்டோபரில் முதல் சந்திப்பு, நவம்பர் முடிவதற்குள் எல்லாச் சம்மதமும் எழுத்தில். ஜனவரி முதல் வாரத்தில் அச்சு வேலை மட்டுமே மிச்சம் இருக்க வேண்டும்.

3. எட்டு நாளும் வேண்டாம், மூன்று போதும்

முதல் ஆண்டில் எட்டு மாலையும் கூட்டம் வைக்க ஆசை வரும். வேண்டாம். மூன்றாம் நாளே பாதி இருக்கை காலியாகும், அதைப் பார்த்து உற்சாகமாக இருந்தவர்களும் சோர்ந்துபோவார்கள். தொடக்கம் ஒரு சபையில், நடுவில் ஒன்று வேறு சபையில், நிறைவு மூன்றாவது சபையில் என்று வையுங்கள். மிச்ச ஐந்து நாளுக்கும் ஒரே தாளை எல்லாச் சபைகளிலும் கொடுத்து வீட்டு ஜெபத்தில் படிக்கச் சொல்லுங்கள். வேலைக்குப் போகிறவர்களும் படுக்கையில் இருக்கிற பெரியவர்களும் அப்படித்தான் கலந்துகொள்ள முடியும்.

4. யாரை, எந்த வரிசையில் பார்ப்பது

பெரிய சபை இரண்டின் சம்மதம் முதலில். எங்கள் பக்கம் அது கத்தோலிக்கப் பங்குத்தந்தையும், தென்னிந்தியத் திருச்சபையின் (சி.எஸ்.ஐ.) போதகரான சேகரகுருவும். இந்த இருவரும் சரி என்றால்தான் மற்றவர்கள் நம்புவார்கள். அப்புறம் லுத்தரன், மெதடிஸ்ட், இரட்சணிய சேனை, மார்த்தோமா என்று ஊரில் யார் யார் இருக்கிறார்களோ அவர்கள். பெந்தெகொஸ்தே சபைகளை ஒவ்வொன்றாகப் பார்ப்பதைவிட, ஊரில் போதகர் ஐக்கியம் என்று ஒன்று இருந்தால் அதன் மாதக் கூட்டத்துக்குப் போய்ப் பேசுங்கள். சிலர் வர மாட்டேன் என்பார்கள். வாதாட வேண்டாம், தாளை மட்டும் கொடுத்துவிட்டு வாருங்கள். அடுத்த ஆண்டு வருவார்கள்.

இங்கேதான் பலரும் சிக்குகிற இடம் ஒன்று இருக்கிறது. போதகர் "தாராளமாகச் செய்யலாம்" என்று சொன்னதும் வேலை முடிந்தது என்று நினைக்கிறோம். சி.எஸ்.ஐ.யில் சேகரக் கமிட்டி இருக்கிறது, கத்தோலிக்கப் பங்கில் பங்குப் பேரவை இருக்கிறது. ஆலயத்தில் வேறு சபையார் செய்தி (அருளுரை) கொடுப்பது என்றால் அந்த ஆலயக் குரு தன் ஆயருக்கோ பேராயருக்கோ தெரிவிக்க வேண்டியிருக்கும். அந்தக் கமிட்டி மாதம் ஒருமுறைதான் கூடும். உங்கள் கடிதம் கூட்டத்துக்கு முந்தின நாள் போனால் நிகழ்ச்சி நிரலில் ஏறாது, அடுத்த மாதம்தான். கமிட்டி எந்தத் தேதியில் கூடுகிறது என்பதைச் செயலரிடம் கேட்டு, பத்து நாள் முன்பே கடிதத்தைச் சேர்த்துவிடுங்கள்.

அழைக்கும் முறையும் கவனம். கத்தோலிக்கக் குருவை அருட்தந்தை என்றும், இரட்சணிய சேனை அதிகாரியைக் கேப்டன், மேஜர் என்று அவர் பதவியிலும், பெந்தெகொஸ்தே போதகரைப் பாஸ்டர் என்றும், சிரியன் மரபுக் குருவை அச்சன் என்றும் எழுதுங்கள். பெண் போதகர் என்றால் அம்மா என்று பேசலாம், கடிதத்தில் மற்றவர்களுக்குப் போடும் அதே அருள்திரு. எல்லாருக்கும் ஒரே நகலை அனுப்பி மேலே பெயரை மட்டும் மாற்றினால் கண்டுபிடித்துவிடுவார்கள்.

5. கடிதத்தில் என்ன இருக்க வேண்டும்

பக்கம் பக்கமாக வேத வசனம் எழுதத் தேவையில்லை. அவர்கள் கமிட்டியில் என்ன கேள்வி வருமோ அதற்கு பதில் இருந்தால் போதும். நாங்கள் பங்குத்தந்தைக்குக் கொடுக்கிற கடிதம் ஏறக்குறைய இப்படி இருக்கும்:

"மதிப்பிற்குரிய அருட்தந்தை அவர்களுக்கு, நம் ஊர்ச் சபைகள் சேர்ந்து வரும் ஜனவரியில் கிறிஸ்தவ ஒன்றிப்புக்காக ஜெபிக்க விரும்புகிறோம். வியாழக்கிழமை மாலை 6.30 முதல் 7.45 வரை தங்கள் ஆலயத்தில் கூட அனுமதி வேண்டுகிறோம். திருப்பலியோ திருவிருந்தோ இதில் இல்லை. இறைவார்த்தை, பாடல், மன்றாட்டு மட்டுமே. சுமார் 200 பேர் வரக்கூடும். ஒலிபெருக்கி ஆலயத்துக்குள் மட்டும். காணிக்கை எடுக்கப்படாது. ஜெப ஒழுங்கின் நகலை இணைத்துள்ளோம். மாற்ற வேண்டியதைக் குறித்துத் தந்தால் மாற்றிக்கொள்கிறோம்."

கடைசி வாக்கியத்தை விட்டுவிடாதீர்கள். வரைவு என்று கொடுத்தால் வாங்கிப் பார்ப்பார்கள், முடிந்துபோன ஒழுங்கு என்று கொடுத்தால் சந்தேகப்படுவார்கள்.

சம்மதத்தையும் எழுத்தில் வாங்குங்கள். தேதி, நேரம், இடம், சாவி யாரிடம் என்ற நாலு வரி வாட்ஸ்அப்பில் வந்தால்கூடப் போதும். இடையில் குரு மாற்றலாகிப் போனால் புதிதாக வருகிறவரிடம் காட்ட வேறு ஆதாரம் இருக்காது.

6. செய்யக் கூடாதவற்றை முதலிலேயே பேசி முடியுங்கள்

எல்லாரும் கூடும் முதல் கூட்டத்தில் என்ன செய்யலாம் என்று ஆரம்பித்தால் இரவு பத்து மணியாகும். என்ன செய்ய வேண்டாம் என்று ஆரம்பியுங்கள், அரை மணி நேரத்தில் முடிந்துவிடும். எங்கள் பட்டியலில் உள்ளவை:

திருவிருந்து இல்லை. கத்தோலிக்க முறைப்படி மற்றச் சபையார் பொதுவாக நற்கருணை வாங்க முடியாது, திருப்பலிக்குள் வேறு சபைப் போதகர் மறையுரை ஆற்றவும் முடியாது. எனவே ஆராதனை திருப்பலியாக இல்லாமல் இறைவார்த்தை வழிபாடாக இருக்க வேண்டும். "மாலைத் திருப்பலி முடிந்ததும் அப்படியே தொடர்ந்துவிடலாமே" என்று யாராவது சொல்வார்கள். நடுவில் அரை மணி இடைவெளி வைத்துக்கொள்ளுங்கள். இல்லையென்றால் வந்தவர்களில் யார் வரிசையில் போவது, யார் உட்கார்ந்திருப்பது என்று எல்லார் முகமும் சுருங்கும்.

ஞானஸ்நான வாக்குறுதியைப் புதுப்பிப்பது, தண்ணீர் தெளிப்பது வேண்டாம். அழகான சடங்குதான், உலகக் கையேடுகளில் சில ஆண்டு வரும். ஆனால் இரட்சணிய சேனையில் ஞானஸ்நானச் சடங்கே கிடையாது. பெந்தெகொஸ்தே சபையாரும் பாப்டிஸ்டுகளும் குழந்தை ஞானஸ்நானத்தை ஏற்பதில்லை. அவர்களை வரவழைத்துவிட்டுக் கையைக் கட்டி நிற்க வைப்பது நன்றாக இல்லை.

மாதாவிடமும் புனிதர்களிடமும் வேண்டுகிற மன்றாட்டு வேண்டாம், அதேபோல் அவற்றைக் குறை சொல்லும் செய்தியும் வேண்டாம். இரண்டாவது பாதியைச் செய்தியாளரிடம், அதாவது அன்று அருளுரை கொடுக்கிறவரிடம், நேரில் போய்ச் சொல்லிவிட வேண்டும்.

தூபம் வேண்டாம். மெழுகுவர்த்தி பரவாயில்லை, ஒன்றோடு நிறுத்திக்கொண்டால். அந்நிய பாஷையில் பேசி ஜெபிப்பது, பேய் ஓட்டுவது, மேடைக்கு அழைத்து சுகமளிக்கும் ஜெபம் செய்வது இவையும் அந்த மாலைகளுக்கு வேண்டாம். இதைப் பெந்தெகொஸ்தே நண்பர்களிடம் சொல்லும்போது, அவர்களுக்குப் பழக்கமான ஒன்றைச் சேர்த்தும் கொடுங்கள். ஐந்து நிமிடம் எல்லாரும் சத்தமாகத் தன் தன் வார்த்தையில் ஜெபிக்கிற நேரம் ஒன்றை வைத்தோம். கத்தோலிக்கப் பாட்டிமார் பலருக்கு அது ரொம்பப் பிடித்துப்போனது.

பெண் போதகர் கலந்துகொள்கிறார் என்றால் அவர் எங்கே நிற்பார், அங்கி அணிவாரா, என்ன பகுதி நடத்துவார் என்பதை விருந்தளிக்கும் ஆலயத்தோடு முன்பே பேசிவிடுங்கள். வாசலில் வைத்துப் பேசுகிற காரியம் இல்லை அது.

கடைசியாக ஒரு விதி, எல்லாருக்கும் பொது: எந்த ஆலயத்தில் கூடுகிறோமோ அந்தச் சபையார் அன்று செய்தி கொடுக்கக் கூடாது. வீட்டுக்காரர் வரவேற்பார், விருந்தினர் பேசுவார். இந்த ஒரு விதியால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது.

7. ஜெப ஒழுங்கை அச்சிடுவது

நினைவிலிருந்து சொல்லிக்கொள்ளலாம் என்று எதையும் விடாதீர்கள், முக்கியமாகக் கர்த்தர் கற்பித்த ஜெபத்தை. ஒரு பக்கம் "பரமண்டலங்களிலிருக்கிற எங்கள் பிதாவே" என்று போகும், இன்னொரு பக்கம் "விண்ணுலகில் இருக்கிற எங்கள் தந்தையே" என்று போகும். நடுவில் கொஞ்சம் முட்டிக்கொண்டு இரண்டும் ஒருவழியாக ஓடிவிடும். சிக்கல் கடைசியில். தீமையிலிருந்து விடுவிக்கக் கேட்டதும் கத்தோலிக்கர் ஆமென் சொல்லி நிறுத்திவிடுவார்கள், மற்றவர்கள் "ராஜ்யமும் வல்லமையும் மகிமையும்" என்று தனியாகத் தொடர்வார்கள். பாதிக் கோயில் நிற்கும், பாதிக் கோயில் போய்க்கொண்டிருக்கும். எந்த வடிவம் என்று முன்பே தீர்மானித்து முழுதாக அச்சிடுங்கள். நாங்கள் நடக்கிற ஆலயத்தின் வடிவத்தையே அந்தந்த நாளுக்குப் போடுகிறோம்.

வேத வாசிப்புக்கு, இரு தரப்பும் சேர்ந்து செய்த 1995 பொது மொழிபெயர்ப்பை எடுத்தால் வாதம் குறையும். சில சீர்திருத்தச் சபைகளில் பழைய மொழிபெயர்ப்பைத் தவிர வேறு வேண்டாம் என்பார்கள். அப்படியென்றால் ஒரு வாசகம் அதில், ஒரு வாசகம் இதில். சீராக், சாலமோனின் ஞானம் போன்ற நூல்களிலிருந்து வாசகம் எடுக்காதீர்கள், மற்றவர்கள் வேதாகமத்தில் அவை இல்லை.

விசுவாச அறிக்கையை முதல் ஆண்டு விட்டுவிடலாம். நிசேயா அறிக்கையைச் சொல்லியே ஆக வேண்டும் என்றால், ஆவியானவர் "குமாரனிடமிருந்தும்" புறப்படுகிறார் என்ற சொல்லை ஆர்த்தடாக்ஸ் சபையார் சொல்வதில்லை என்பது தெரிந்திருக்கட்டும்.

பாடல்கள் நாலு போதும், வரிகளை முழுதாக அச்சிடுங்கள். ஒரு சபைக்கு மனப்பாடமான கீர்த்தனை அடுத்த சபைக்குப் புதிது. எல்லாப் பாடகர் குழுவையும் சேர்த்து ஒரே ஒரு ஒத்திகை வையுங்கள். கீபோர்டு வாசிப்பவர் ஒருவரே மூன்று நாளும் இருக்கட்டும், அவரவர் சுருதியில் ஆரம்பித்தால் இரண்டாவது சரணத்தில் தொண்டை கட்டும்.

8. நாடுகளுக்காக ஜெபிக்கும் பகுதி

பெரும்பாலும் இந்தப் பகுதிதான் வெறும் பட்டியலாகிப்போகிறது. "உலக நாடுகளையும் தலைவர்களையும் ஆசீர்வதியும்" என்று ஒரே மூச்சில் முடித்துவிட்டு அடுத்த பாட்டுக்குப் போவது. அதற்கு இந்த வாரம் எதற்கு?

நாளுக்கு ஒரு நாடு எடுங்கள். முதல் நாள், அந்த ஆண்டுக் கையேட்டை எழுதிய நாடு. அவர்கள் எழுதிய ஜெபத்தை நாம் வாசித்துவிட்டு அவர்களுக்காக ஜெபிக்காமல் போவது சரியில்லை. அப்புறம் இலங்கை, சூடான், மியான்மர், உக்ரைன், காசா என்று போர் தின்றதும் தின்றுகொண்டிருப்பதுமான இடங்கள் இருக்கின்றன. நம் நாட்டுக்குள் மணிப்பூர் இருக்கிறது. ஜெபிக்கிறவர் மூன்று வாக்கியம் தயார் செய்து வரட்டும்: அங்கே என்ன நடக்கிறது, யார் கஷ்டப்படுகிறார்கள், நாம் கடவுளிடம் என்ன கேட்கிறோம். அப்புறம் ஒரு நிமிடம் மௌனம். ஒரு நிமிடம் என்றால் கடிகாரத்தைப் பார்த்து முழு ஒரு நிமிடம். பழக்கமில்லாதவர்களுக்கு ரொம்ப நீளமாகத் தெரியும், இருமல் சத்தம் கேட்கும், விடுங்கள்.

கட்சிப் பெயர், தலைவர் பெயர் சொல்லி ஜெபிக்க வேண்டாம். "இந்த நாடு முழுவதும் கிறிஸ்துவுக்கு" என்ற மாதிரியான அறைகூவல் ஜெபங்களும் வேண்டாம். யாராவது அந்த அரை நிமிடத்தை மட்டும் செல்போனில் எடுத்து அனுப்பினால் அடுத்த ஒரு மாதம் அதற்கு விளக்கம் சொல்வதிலேயே போகும். நேரலை செய்வதாக இருந்தால் பாடலையும் செய்தியையும் மட்டும் செய்யுங்கள். வந்தவர்கள் முகம் தெரிய எடுக்க வேண்டாம், பிள்ளைகள் முகம் கண்டிப்பாக வேண்டாம்.

திருச்சபைக்கான ஜெபத்தில் ஒன்றை மட்டும் என் சொந்தக் கருத்தாகச் சொல்கிறேன். நம் ஊரில் கத்தோலிக்கர், சி.எஸ்.ஐ. என்பதைவிட ஆழமான பிளவு சாதி. ஒரே சபைக்குள் தெரு பிரிந்திருக்கிறது, சில இடங்களில் கல்லறைத் தோட்டமே பிரிந்திருக்கிறது. அதைப் பெயர் சொல்லி ஜெபிக்காத ஐக்கிய ஜெப வாரத்தில் எனக்கு நம்பிக்கை இல்லை. இதை ஒழுங்கில் சேர்க்கும்போது கமிட்டியில் முணுமுணுப்பு வரும். 2013-இல் நம் நாட்டு மாணவர்கள் எழுதியதே உலகம் முழுக்க இதைத்தான் ஜெபிக்க வைத்தது என்று சொல்லுங்கள், அடங்கிவிடும்.

9. காவல் நிலையமும் ஒலிபெருக்கியும்

ஆலயத்துக்குள் கூடி, சத்தம் உள்ளேயே இருந்தால் பெரிய வேலை இல்லை. இருநூறு பேர் வருவார்கள், வண்டிகள் தெருவில் நிற்கும் என்றால் மட்டும் காவல் நிலையத்துக்கு ஒரு தகவல் கடிதம் கொடுத்துவிடுங்கள். நகலில் பெற்றுக்கொண்டதற்கு முத்திரை வாங்கி வையுங்கள்.

திறந்தவெளி, மைதானம், வெளியே ஒலிபெருக்கி என்றால் எழுத்து மூலமான அனுமதி வேண்டும். 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி இரவு 10 முதல் காலை 6 வரை ஒலிபெருக்கி கூடாது. அமைதி மண்டலமாக அறிவிக்கப்பட்ட மருத்துவமனை, கல்வி நிலையம், நீதிமன்றத்தைச் சுற்றி 100 மீட்டருக்குள் இன்னும் கடுமை. விண்ணப்பத்தில் தேதி, நேரம், இடம், எத்தனை பேர், எத்தனை ஒலிப்பெட்டி, பொறுப்பாளர் இருவரின் பெயரும் போன் எண்ணும் இருக்கட்டும். அடையாள அட்டை நகல், இடத்துக்காரரின் சம்மதக் கடிதம், நகராட்சி இடமென்றால் நகராட்சி அனுமதி இவற்றை இணையுங்கள். கடைசி வாரத்தில் போனால் குடியரசு தின வேலையைக் காட்டித் திருப்பி அனுப்புவார்கள். ஜனவரி முதல் வாரத்திலேயே கொடுத்துவிடுங்கள்.

சபையிலிருந்து சபைக்கு ஊர்வலமாகப் போகலாம் என்று இளைஞர்கள் கேட்பார்கள். முதல் ஆண்டு வேண்டாம். கூம்பு ஒலிபெருக்கி எந்த ஆண்டும் வேண்டாம்.

10. செலவு

எங்கள் ஊர்க் கணக்கு, மூன்று மாலைக்கு, தோராயமாக: பன்னிரண்டு பக்கக் கையேடு என்பது மூன்று ஏ4 தாளின் இரு பக்கம். ஒரு பக்கம் ஒரு ரூபாய் வீதம் ஜெராக்ஸ் 6 ரூபாய், மடித்துப் பின் அடிக்க ஒரு ரூபாய். 250 பிரதிக்கு 1,750. செய்தியாளர் மூவருக்கு வழிச்செலவு 500 வீதம் 1,500. ஒலி அமைப்பு, மின்சாரம், கோயில்குட்டிக்கு (ஆலயப் பணியாளர்) அன்பளிப்பு எல்லாம் சேர்த்து நாளுக்கு 1,000 வீதம் 3,000. ஆலயத் தகவல் பலகைகளில் ஒட்ட வண்ணச் சுவரொட்டி 600. மொத்தம் 6,850. ஐந்து சபைகள் ஆளுக்கு 1,500 போட்டால் கொஞ்சம் மிஞ்சும்.

டீ, சுண்டல் இதில் சேராது. அதை அன்றைய ஆலயத்தார் பார்த்துக்கொள்வார்கள், ஒருவருக்கு 25 ரூபாய் ஆகலாம். ஓட்டுக்கூரையில் நாற்பது குடும்பம் உள்ள சபைக்கு 1,500 என்பதே பெரிய தொகை. அவர்களிடம் பணம் கேட்காமல் ஒருநாள் சுண்டல் செய்து தரச் சொல்லுங்கள். சமமாகப் பிரிப்பது எப்போதும் நியாயமாக இருக்காது.

ஃபிளெக்ஸ் வேண்டாம். செலவுக்காகச் சொல்லவில்லை. யார் படம் முதலில், யார் படம் பெரிது என்ற பேச்சு வந்தால் அதோடு முடிந்தது ஐக்கியம்.

காணிக்கையை நிறைவு நாளில் மட்டும், எல்லாரும் ஒப்புக்கொண்ட ஒரு தேவைக்காக எடுங்கள். அந்த ஆலயத்தாருக்கு எழுதும் கடிதத்தில் காணிக்கை பற்றிய வரியை அதற்கேற்ப மாற்றிவிடுங்கள். வெவ்வேறு சபையைச் சேர்ந்த இருவர் எண்ணிக் கையெழுத்துப் போட்டு, அன்று இரவே தொகையை அறிவித்துவிடுங்கள். வெளிநாட்டிலிருந்து யாராவது பணம் அனுப்புகிறேன் என்றால் அவசரப்பட்டுத் தனிநபர் கணக்கில் வாங்காதீர்கள். இந்தியக் குடியுரிமை உள்ளவர் தன் சொந்தச் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்புவது வேறு, வெளிநாட்டுக் குடியுரிமை பெற்றவர் தருவது வேறு. இரண்டாவது வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்துக்குள் வரும், அதற்குப் பதிவு பெற்ற அமைப்பும் தனிக் கணக்கும் வேண்டும்.

11. அன்றைய மாலை

ஒன்றேகால் மணி நேரத்துக்கு மேல் வேண்டாம். எங்களுடையது: பாடலும் வரவேற்பும் 10 நிமிடம், இரண்டு வாசகம், செய்தி 12 நிமிடம், திருச்சபைக்கும் நாடுகளுக்கும் ஜெபம் 25 நிமிடம், அப்புறம் கர்த்தர் கற்பித்த ஜெபம், பாடல், ஆசீர்வாதம். 12 நிமிடம் என்று செய்தியாளரிடம் சொன்னால் இருபதாகும் என்பது ஊரறிந்த விஷயம். அவர் கண்ணில் படும்படி முதல் வரிசையில் ஒருவரை உட்கார வைத்து, பத்தாவது நிமிடம் அவர் எழுந்து வாசிப்பு மேடைப் பக்கம் நகரட்டும். யாருக்கும் சங்கடமில்லாமல் முடியும்.

ஆசீர்வாதம் யார் கூறுவது என்று கேள்வி வரும். கொரிந்தியருக்குப் பவுல் எழுதிய இரண்டாம் கடிதத்தின் கடைசி வசனத்தை எல்லாக் குருமாரும் முன்னே நின்று சேர்ந்து சொல்லட்டும். சமாதானம் பரிமாறக் கைகூப்பினால் போதும்.

வாசலில் ஒவ்வொரு சபையிலிருந்தும் ஓர் ஆள் நிற்க வேண்டும். செருப்பை எங்கே விடுவது, பெண்கள் எந்தப் பக்கம், முக்காடு போட வேண்டுமா, முழங்காலிடும்போது என்ன செய்வது, இதெல்லாம் புதிதாக நுழைகிறவருக்குத் தெரியாது, கேட்கவும் கூச்சப்படுவார். தன் சபை முகம் ஒன்றைப் பார்த்தால் உள்ளே வந்துவிடுவார். எல்லாரும் வந்ததும் தன் தன் கூட்டத்தோடு உட்காரத்தான் பார்ப்பார்கள். கையேட்டைக் குடும்பத்துக்கு ஒன்று என்று கொடுக்காமல் பக்கத்தில் இருப்பவரோடு பகிரச் சொல்லிக் கொஞ்சம் கலந்துவிடலாம்.

மின்வெட்டு வரும். ஜெனரேட்டருக்கு டீசல் இருக்கிறதா என்று மதியமே பாருங்கள்.

12. முடிந்த பிறகு

ஒரு வாரத்துக்குள் வரவு செலவை ஒரே தாளில் எழுதி எல்லாச் சபைகளுக்கும் அனுப்புங்கள், ரசீதுகளின் படத்தோடு. நன்றிக் கடிதம் போதகர்களுக்கு மட்டும் போதாது, கமிட்டிச் செயலருக்கும் கோயில்குட்டிக்கும் போக வேண்டும்.

தவக்காலம் தொடங்கிவிட்டால் மறுபடி யாரையும் கூட்ட முடியாது. சாம்பல் புதன் சில ஆண்டுகளில் பிப்ரவரி நடுவிலேயே வந்துவிடும். அதற்கு முன் ஒரு மாலை உட்கார்ந்து அடுத்த ஆண்டு ஒருங்கிணைக்கும் சபை எது என்று முடிவு செய்து, கடித நகல்கள், பாடல் வரிகள், காவல் நிலைய முத்திரைத் தாள், கணக்கு எல்லாவற்றையும் ஒரே ஃபைலில் போட்டு அவர்கள் கையில் கொடுத்துவிடுங்கள். ஃபைல் உங்கள் வீட்டு அலமாரியில் இருக்கக் கூடாது.